வந்தது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. எங்கள் தாமானுக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் உறை, நீளக் கம்பில் கட்டிய வாரி. வேலை ஒன்றுதான். தண்ணீரை மூடிக் கிடந்த வெங்காயத்தாமரையை இழுத்துக் கரையில் போட வேண்டும். மலாய்க்காரர்கள் 'கெலாடி பூந்திங்' என்று சொல்லும் அதே செடி. ஊதா நிறத்தில் பூத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இழுக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

"ஏண்ணே இதைப் பிடுங்குறோம்?" என்று படிவம் இரண்டில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான். நானும் அவசரத்தில், "இது நம்ம ஊர்ச் செடி இல்லடா. வெளிநாட்டிலேர்ந்து வந்து இடத்தைப் பிடிச்சுக்கிச்சு" என்றேன்.

அவன் வாரியைக் கீழே வைத்தான். "அண்ணே, என் கிளாஸ்ல ஒருத்தன் என்னையும் அப்படித்தான் சொன்னான். பெண்டாத்தாங், திரும்பிப் போன்னு. அப்ப அவன் சொன்னதும் சரியா?"

எனக்குப் பதில் வரவில்லை. "அது வேற, இது வேற" என்று சொல்லிச் சமாளித்தேன். எப்படி வேறு என்று அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், நான் சொன்ன காரணமே தவறு என்று புரிந்தது.

வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. அது தானாகக் கடல் தாண்டி வரவில்லை. பூவின் அழகுக்கு ஆசைப்பட்டு மனிதன்தான் எடுத்து வந்து குளங்களில் விட்டான். பிறகு அது பெருகித் தொல்லை கொடுத்தபோது, பழியை அந்நியன் மேல் போட்டான். இலங்கையில் சிங்களவர்கள் இதை 'ஜப்பான் ஜபர' என்கிறார்கள். வங்காளத்தில் 'ஜெர்மன் பானா' என்று ஒரு பெயர் இருந்தது. ஜப்பானும் ஜெர்மனியும் இந்தச் செடியின் ஊரே இல்லை! இலங்கை 1909இலும் வங்காளம் 1936இலும் இதை ஒழிக்கத் தனிச் சட்டமே போட்டன. செடி இன்னும் இருக்கிறது.

சரி, அந்நிய மண்ணில் பிறந்ததுதான் குற்றம் என்றால், ரப்பர் மரத்தை என்ன செய்வது? அதுவும் அமேசான்காரன்தான். 1876இல் பிரேசிலிலிருந்து விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்தார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. பிறந்த நாட்டில் அந்த மரத்தைக் கெடுக்கும் இலைக்கருகல் நோய் கூடவே வரவில்லை. அதனால் இங்கே தோட்டம் தோட்டமாகச் செழித்தது. அந்த மரத்தை நம்பித்தான் நம் முன்னோர் பலர் கப்பலேறினார்கள். என் கொள்ளுத்தாத்தா விடியற்காலை இருட்டில் பால்மரம் சீவியவர். நாம் சாமிக்குக் கட்டும் செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. குழம்பில் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்காரன்தான். யாராவது அவற்றைப் 'போ' என்றார்களா?

இன்னொரு பக்கமும் பாருங்கள். லாலாங் புல் இந்த மண்ணிலேயே பிறந்தது. காட்டை எரித்த நிலத்தில் அது பிடித்துக்கொண்டால் இன்னொரு செடியைத் தலைதூக்க விடாது. மண்ணின் மைந்தன் என்பதற்காக அதை யாரும் கொண்டாடுவதில்லை.

ஆக, எங்கிருந்து வந்தது என்பது கேள்வியே இல்லை. வந்த இடத்தில் மற்ற உயிர்களுக்கு இடம் விடுகிறதா என்பதுதான் கேள்வி. வெங்காயத்தாமரை, சத்துள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகப் பெருகும். பாய் விரித்ததுபோல் வெயிலை மறைக்கும். அடியில் பிராணவாயு குறையும், மீன் திணறும், கொசு பெருகும். அதற்காகத்தான் பிடுங்குகிறோம். பயிர் வாடினாலும் மனம் நொந்த வள்ளலார் வழியில் வந்த நமக்கு, பச்சைச் செடியை வேரோடு இழுப்பது உறுத்தத்தான் வேண்டும். அந்த உறுத்தல் நல்லது. வெறுப்போடு செய்வதற்கும் வருத்தத்தோடு செய்வதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆனால் இந்த அளவுகோலையும் அப்படியே எடுத்து மனிதர்மேல் வைத்துவிடக் கூடாது. செடிக்கு ஒரே குணம்தான். அது நினைத்தாலும் மாற முடியாது. மனிதன் அப்படி இல்லை. ஒவ்வொருவனும் தனித்தனி. இடம் விடவும் பகிர்ந்துகொள்ளவும், தப்பு செய்தால் திருந்தவும் அவனால் முடியும். ஒரு சமூகத்தையே களை என்று சொல்பவன், அந்தச் சமூகத்தில் ஒரு மனிதனைக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நம்மைப் பார்த்து ஒருவன் அப்படிச் சொன்னால் வலிக்கிறதே, நம் கடைகளிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரனையும் நேப்பாளியையும் நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? இதை யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தச் செடிக்குச் சோறு போடுவது யார்? சமையலறைக் கழிவு, சோப்புத் தண்ணீர், சாக்கடை, உரம் எல்லாம் ஆற்றில் கலக்கின்றன. அந்தச் சத்தில்தான் அது கொழுக்கிறது. போன நவராத்திரி முடிந்ததும் வாடிய மாலைகளைப் பிளாஸ்டிக் பையோடு பாலத்திலிருந்து ஆற்றில் போட்டவன் நானும்தான். கேட்டால் 'பூஜைப் பூ, கால்படாத இடத்தில் போடணும்' என்று நியாயம் வேறு! பத்துமலையில் காவடி எடுக்குமுன் பக்தர்கள் நீராடும் சுங்கை பத்து, கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. அது மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி, கிள்ளான் நகர் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஓர் இடத்தில் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டு, அடுத்த இடத்தில் அதையே சாக்கடையாக நடத்துகிறோம். 'வெளியிலிருந்து வந்ததுதான் காரணம்' என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்லிவிட்டால் நம் கையைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

அடுத்த மாதம் மறுபடி இறங்கினோம். ஓரங்களில் பச்சை மீண்டும் தலைகாட்டியிருந்தது. விடுபட்ட சிறு துண்டு போதும், துளிர்த்துவிடும். விதையோ சேற்றில் பல ஆண்டுகள் கிடந்து முளைக்கும். நான் அந்தத் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. அது வந்ததுக்காக நாம பிடுங்கல. மத்ததை வாழ விடாததுக்காகப் பிடுங்குறோம். நீ செடி இல்ல. இங்கேயே பொறந்தவன், இந்த ஆத்தைச் சுத்தம் பண்ண வந்தவன். உன்னைப் போன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல" என்றேன்.

அவன் கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டேண்ணே. இப்ப பொரிச்ச எண்ணெயைச் சிங்க்ல ஊத்துறதில்ல, போத்தல்ல சேர்த்து வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு வாரியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

உங்கள் தாமானுக்குப் பின்னாலும் ஒரு சிற்றாறு ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.