அச்சும் பொம்மையும்

ஒருநாளும் நேரில் கண்டிராத ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்று கேட்டு நாம் கண் கலங்குகிறோமே, அந்தத் துக்கம் உண்மையானதுதானா? உறவில்லை, பழக்கமில்லை, அவர் வீட்டுப் படியை நாம் மிதித்ததில்லை. நாம் ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. இருந்தும் மனம் கனக்கிறது. இதைப் பிரமை என்று தள்ளிவிடலாமா?

2023 ஏப்ரல் 2-ஆம் தேதி கிரிக்கெட் ஆட்டக்காரர் சலீம் துரானி ஜாம்நகரில் காலமானார். வயது 88. இடது கையால் பந்து வீசுவார். இடது கையால் மட்டை பிடிப்பார். ஜனங்கள் எந்தப் பக்கமிருந்து 'சிக்ஸர்' என்று குரல் கொடுக்கிறார்களோ, அந்தப் பக்கமே பந்தைத் தூக்கி அடிப்பார் என்று அவரைப் பற்றி நாடெங்கும் ஒரு கதை உண்டு. ஜாம்நகர் எங்கே, நம்முடைய விருத்தாசலம் எங்கே! ஆனால் அந்தச் செய்தி வந்த சமயம், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பொம்மை வார்ப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர்.

"நீங்க அவரைப் பார்த்ததே இல்லையே, பெரியப்பா?" என்று கேட்டான் கூட வேலை செய்கிற வாலிபன்.

"பார்க்கலடா தம்பி. கேட்டிருக்கேன். அறுபத்திரண்டு பொங்கலுக்கு மெட்ராஸ்ல டெஸ்ட் மேட்ச். டீக்கடை ரேடியோவுல இங்கிலீஷ்ல சொல்லுவான். ஒரு அட்சரம் புரியாது. ஜனங்க 'ஹோ'ன்னு கத்துறது மட்டும் புரியும். கேட்டதும் சிக்ஸர் அடிச்சாரு பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

அவர் சொன்னதைப் பற்றி எனக்கு இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தாம்.

முதலாவது, ஞாபகத்தின் நேர்மையைப் பற்றியது. 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த அந்த ஆட்டத்தில் துரானியின் பெரும் சாதனை பந்துவீச்சுதான். முதல் இன்னிங்ஸில் ஆறு, இரண்டாவதில் நான்கு, ஆகப் பத்து விக்கெட்டுகள். இந்தியா 128 ரன்களில் வென்று, இங்கிலாந்தை முதன்முறையாக ஒரு தொடரில் தோற்கடித்தது. சிறுவனுடைய காதில் விழுந்த ஆரவாரங்களில் பல, விக்கெட் விழுந்ததற்காக எழுந்தவையாகவே இருந்திருக்க வேண்டும். பின்னால் கேள்விப்பட்ட சிக்ஸர் கதைகள் அந்தச் சத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டன. 29 டெஸ்டுகளில் துரானி அடித்த சதம் ஒன்றே ஒன்று. ரன் சராசரி 25 சொச்சம். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் கந்தர்வன் மறைந்து, ஒரு நல்ல ஆட்டக்காரர் மட்டுமே மிஞ்சுவார்.

அதனால் பெரியவருடைய ஞாபகம் பொய்யாகிவிடுமா? நடந்தது என்ன என்ற கேள்விக்குக் கணக்குப் புத்தகம் பதில் சொல்கிறது. கிடைத்தது என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. கேட்டால் கொடுக்கிற ஒருவன் உலகத்தில் எங்கோ இருக்கிறான் என்ற நம்பிக்கை, கேட்டது எதுவும் எளிதில் கிடைக்காத ஒரு சிறுவனுக்கு வானொலி வழியாக வந்து சேர்ந்தது. அது வந்து சேர்ந்தது மெய்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் கூர்மையானது. 'அழுவது துரானிக்காகவா? போய்விட்ட தன் பிள்ளைப் பிராயத்துக்காக அல்லவா? செத்தவரைச் சாக்காக வைத்துத் தனக்குத் தானே ஒப்பாரி வைத்துக்கொள்கிறார்' என்று சொல்லலாம். இதற்குப் பதிலை அந்தப் பெரியவருடைய தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பீங்கான் பொம்மை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் மண்குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் சுவரை ஒட்டி மண் இறுகுகிறது. மிஞ்சிய குழம்பைக் கொட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து அச்சைத் திறந்தால் உள்ளே பொம்மை நிற்கும். அச்சு வேறு, பொம்மை வேறு. ஆனால் பொம்மையின் மூக்கும் முழியும் அச்சு கொடுத்தவை. பத்து வயதில் நாமெல்லோரும் குழம்பாகத்தான் இருக்கிறோம். பெற்றோரும் ஆசிரியரும் மட்டுமா நம்மை வார்க்கிறார்கள்? எங்கோ விளையாடிய ஒருவனும் வார்க்கிறான். ஆகவே அந்தப் பிராயத்தை நினைத்து அழுதாலும், அதில் ஒரு பங்கு அவனுக்கு உரியதுதான்.

ஆனால் தொழிற்பேட்டையில் இன்னொரு காட்சியும் உண்டு. பல முறை வார்த்த பிறகு அச்சின் கோடுகள் தேய்ந்துவிடும். தண்ணீரை உறிஞ்சும் சக்தியும் குறைந்துவிடும். அப்புறம் அதைக் குப்பையோடு போட வேண்டியதுதான். பொம்மைகள் கொலுப்படிக்குப் போகும்.

துரானியை நாம் என்ன செய்தோம்? 1971-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சோபர்ஸையும் லாயிடையும் வீழ்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான நம் முதல் வெற்றிக்கு வழி செய்தார். அடுத்து இங்கிலாந்து சென்ற அணியில் அவர் இல்லை. 1973-இல் கான்பூர் டெஸ்டில் அவரை விட்டுவிட்டார்கள். துரானி இல்லாவிட்டால் டெஸ்டே வேண்டாம் என்று ஜனங்கள் கிளர்ந்தார்கள். பம்பாயில் திரும்பி வந்து 73 ரன் அடித்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். கிரிக்கெட் வாரியத்தின் வாழ்நாள் சாதனை விருது 2011-இல்தான் வந்தது. இடையில் 38 வருஷம்! ஆரவாரம் செய்த நாம் அந்த வருஷங்களில் எங்கே போயிருந்தோம்? இறந்த மறுநாள் ஊரெங்கும் பெருகிய ஞாபகங்களில் நூற்றில் ஒன்று அவர் உயிரோடு இருக்கும்போதே ஜாம்நகருக்குப் போயிருந்தால், அந்த முதியவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

துக்கம் உண்மையானதுதான், ஆனால் காலம் தாழ்ந்து வருகிறது. அறியாமல் கொடுத்தவனுக்குக் கடன் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். வாங்கியவன் அறிவான் அல்லவா? அது போதும். அந்தக் கடனைக் கணக்குத் தீர்ப்பதற்கு ஒரு அஞ்சலட்டை போதும். 'உங்களை நான் கேட்டேன்' என்ற ஒரு வரி போதும்.

நம்மை வார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் யார் யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். ஆட்டக்காரர், பாடகர், ரேடியோவில் குரலாக மட்டுமே தெரிந்தவர் என்று விரலை மடக்கிக்கொண்டு போனால், ஒரு கையாவது நிறையும்.