எதுவரை அதே கார்?

மூப்படைந்த சொகுசுக் காரில் துரு முதலில் தொடங்குவது கண்ணில் படும் இடத்தில் அல்ல. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்கள், ஸ்பிரிங்கின் மேல்நுனி முட்டி நிற்கும் கிண்ணங்கள், சஸ்பென்ஷன் கைகள் தரைத்தகட்டோடு சேரும் மூலைகள் ஆகியவையே அதன் முதல் இரை. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன், ஜெர்மனி, வட அமெரிக்கா போன்ற இடங்களில் உப்புக் கரைசல் அந்த மின்வேதி வினையை விரைவுபடுத்திவிடுகிறது. பெட்டிச் சட்டத்தின் வடிதுளைகள் சேற்றால் அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்வது. அதனால் ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்புக்குள் புகுந்தால் ஒட்டிய தகடுகளைப் பிளந்துவிடும். காப்புக்காக அடியில் பூசிய தார்ப்பூச்சும் விரிசல் விட்ட பிறகு நீரைச் சிறைபிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே கீழே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

பழைய காலச் சொகுசுக் கார்களில் சேஸிஸ் தனி, உடல் தனி. 1965இல் வந்த சில்வர் ஷாடோதான் தனிச் சேஸிஸ் இல்லாத முதல் ரோல்ஸ் ராய்ஸ். அதில் உடலே எலும்புக்கூடு. சக்கரத்தின் ஒவ்வொரு அதிர்வையும் சஸ்பென்ஷன் வழியே வாங்கித் தாங்குவது அந்தத் தகடுகள்தாம். 1955இல் அறிமுகமான சிட்ரோயன் டி.எஸ். இதற்கு வேறு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அதன் வெளித்தகடுகள் போல்ட் போட்டு மாட்டியவை, பாரம் எதையும் சுமக்காதவை. உள்ளிருக்கும் கூடுதான் சுமக்கிறது. எனவே எல்லா வெளித்தகடுகளையும் புதிதாக மாட்டி, உள்ளே இற்றுப்போன ஒரு டி.எஸ்.ஸைப் புத்தம்புதிதுபோல் நிறுத்திவிட முடியும்.

சஸ்பென்ஷனின் தேய்மானம் வேறு வகை. ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. 1998இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் இருந்தன. வயதானால் ரப்பர் வெடித்துக் காற்று கசியும், இழப்பை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரஸர் ஒரு நாள் கருகிப்போகும். சிட்ரோயனிடம் உரிமம் பெற்று சில்வர் ஷாடோவில் வைத்த ஹைட்ராலிக் மட்டம்பேணும் அமைப்பிலும் காலப்போக்கில் கசிவு வரும். இவற்றைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது, இது அதே காரா என்று எந்த உரிமையாளரும் கேட்பதில்லை.

கேள்வி எழுவது துருவும் சஸ்பென்ஷனும் சந்திக்கும் இடத்தில். தொடக்ககால ஜாகுவார் எக்ஸ்.ஜே. காரின் பின்சஸ்பென்ஷன் முழுவதும் ஒரு கூண்டுக்குள் அமைந்து, ரப்பர்த் தாங்கிகள் வழியே உடலில் தொங்குகிறது. மொத்தமாக இறக்கி ஏற்றலாம். ஆனால் சக்கரத்தை முன்னோக்கிப் பிடித்திருக்கும் கைகளின் நுனி, தரைத்தகட்டில் பூட்டியது. தகடு இற்றுப்போனால் கையைப் புதுப்பித்துப் பயனில்லை, ஏனெனில் பற்றிக்கொள்ள இடமே இல்லை. 1995இல் வந்த மெர்சிடிஸ் ஈ வகுப்புத் தலைமுறையில் முன் ஸ்பிரிங்கின் மேல்தாங்கி உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. அந்த விளிம்பில் துரு ஊறினால் ஒரு நாள் தாங்கி பிய்ந்து, காரின் அந்த மூலை சக்கரத்தின்மேல் அமர்ந்துவிடும். புஷ் தேய்ந்தபோது ஓர் உறுப்பு போயிற்று. இங்கே உறுப்புகள் எல்லாம் இருந்தும், அவை ஒன்றையொன்று தாங்கியிருந்த நிலை போய்விட்டது.

உறுப்புகளுக்கும் முழுமைக்கும் உள்ள உறவு இந்தியத் தத்துவத்தில் ஊர்தியை வைத்தே பேசப்பட்டது. மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் நாகசேனர் என்ற பிக்கு, மிலிந்த மன்னரிடம் அவர் வந்த தேரைப் பற்றிக் கேட்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, எல்லாம் சேர்ந்த குவியல் தேரா, இவற்றுக்கு அப்பால் தேர் என ஒன்று உண்டா? எல்லாவற்றுக்கும் மன்னர் இல்லை என்கிறார். அப்படியானால் தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து எழும் ஒரு வழக்குப் பெயரே, ஆளும் அவ்வாறே என்பது பிக்குவின் முடிவு. இந்த மன்னர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இந்தோ-கிரேக்க அரசர் மெனாண்டர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

நியாய வைசேடிகத் தத்துவ மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கியிருந்தும் அவற்றினின்று வேறான முழுப்பொருள் ஒன்று உண்டு என்பது அவர்கள் கட்சி; அதை அவயவி என்றார்கள். நியாய சூத்திரம் அதற்குத் தரும் சான்றுகளில் ஒன்று எளியது: ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் வருகிறது, ஒரு பகுதியைத் தாங்கினால் முழுவதும் தாங்கப்படுகிறது. வெறும் குவியலில் இது நடக்காது. ஒட்டுப்பசையால் சேர்ந்தவைகூட இப்படிச் சேர்ந்து வருமே என்ற எதிர்வாதமும் எழுந்தது.

துருப்பிடித்த காரின் அடியில் இந்தப் பழைய சான்று கண்கூடாகிறது. நல்ல காரின் ஜாக் புள்ளியில் ஜாக்கை வைத்து உயர்த்தினால் கார் எழும்பும். இற்றுப்போன காரில் ஜாக் பெட்டிச் சட்டத்தைத் துளைத்து மேலே போகும். கார் தரையிலேயே இருக்கும். பிடித்த இடம் வந்தது, முழுப்பொருள் வரவில்லை. நியாய சூத்திரத்தின் அளவுகோலின்படி அந்த மூலையில் கார் என்ற முழுமை ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டது. பட்டி பூசி மறைத்த தகடு, பசை பற்றிய எதிர்வாதத்துக்கும் விடையாகிறது: பட்டி உருவத்தைச் சேர்த்து வைக்கும், பாரத்தைக் கடத்தாது. காரின் முழுமை பாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். தோற்றத்திலும் பொருளளவிலும் அதைத் தேடுவது வீண்.

சட்டமும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. பிரிட்டனின் எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் ஆகியவை பூட்டப்பட்ட இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தாங்குதகடு துருவால் வலுவிழந்திருந்தால் கார் தோற்கும். எவ்வளவு துரு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே அங்கே முதன்மை. கதவின் நடுவில் விழுந்த பெரிய ஓட்டையைவிட ஸ்பிரிங் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள சிறு அரிப்பு கொடிது.

நியாயத்தின் கட்சிக்கு ஓர் இடர் உண்டு. ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி பிறக்கிறது என்பது அவர்கள் கோட்பாடு. அப்படியானால் ஒரு புஷ் மாற்றிய ஒவ்வொரு முறையும் உரிமையாளர் வேறொரு காரில் வீடு திரும்ப வேண்டும். சமணர் பார்வை இங்கே கைகொடுக்கிறது: திரவியம் என்ற அடிப்பொருள் நிலைக்கிறது, பரியாயங்கள் என்ற அதன் மாறும் நிலைகள் தோன்றி மறைகின்றன; இரண்டும் ஒரே பொருளின் உண்மைகள். ஆனால் காரில் நிலைக்கும் திரவியம் எது என்று கேட்டால் இரும்பு என்று சொல்ல இயலாது, அதுதான் ஆக்சைடாகி உதிர்கிறது. ஆங்கில மெய்யியலர் ஜான் லாக் இதற்கு வேறு விடை தந்தார். கருவாலி மரம் கன்றாக இருந்தபோதும் ஓங்கி வளர்ந்தபோதும் ஒரே மரம், ஏனெனில் பொருள் மாறினாலும் அதன் உயிரொழுங்கு தொடர்கிறது. எந்திரத்தை அவர் இதன் அருகில் வைத்துப் பேசினாலும் ஒரு வேறுபாட்டை விடவில்லை: உயிரினத்தின் இயக்கம் உள்ளிருந்து வருவது, எந்திரத்துக்கு வெளியிலிருந்து வருவது. காரின் புதுப்பிப்பும் வெளியிலிருந்தே வருகிறது. ஆகவே அதன் தொடர்ச்சி காப்பவரின் கையில் இருக்கிறது. பழைய காரைப் பேணுவது அறம் சார்ந்த செயலாவது இதனால்தான்.

இன்னோர் ஆங்கில மெய்யியலர் தாமஸ் ஹாப்ஸ் 1655இல் எழுதிய சிக்கல் இன்னும் கூர்மையானது. கிரேக்கக் கதை வீரர் தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக, கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? பழம்பெரும் கார்களின் உலகில் இது கற்பனை அல்ல. ஒரு சேஸிஸின் எண்ணை ஒரு கார் சுமக்க, கழித்துப் போட்ட பழைய துண்டுகளிலிருந்து எழுந்த இன்னொரு காரும் அதே பெயரைக் கோருவது அங்கே அறிந்த சண்டை.

அடையாளம் குறித்த வழக்கு ஒன்று 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணிப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் கார் அல்ல என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். நீதிபதி ஆட்டன் ஆராய்ந்தபோது, 1929ஆம் ஆண்டுக் காருக்குரியது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து பெடல் தண்டு, கியர் பெட்டியின் உறை, ஸ்டியரிங் தண்டு போன்ற சிலவே எஞ்சின. ஆயினும் அந்தக் கார் ஒருபோதும் கலைக்கப்பட்டு மறையவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றங்கள் ஏற்று, ஒரே வரலாறாக வந்தது. எனவே அது மூல நிலையில் இல்லை, ஆனால் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். நாகசேனர் உறுப்புகளில் தேரைக் காணவில்லை, நீதிபதியும் காணவில்லை. ஆனால் பெயர் வெறுமையில் தொங்கவில்லை, இடையறாத வரலாற்றில் தங்கியிருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு சேர்த்தது. இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளில் இதுவே உறுதியானது.

பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை இதே கேள்வியை எண்ணால் தீர்த்தது. பெருமளவு மாற்றியமைத்த கார் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. சேஸிஸ் அல்லது உடற்கூட்டுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர் அமைப்புக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. காரின் உயிர் என்று பலரும் கருதும் எஞ்சின் கடைசியில் நின்றது. சக்கரத்துக்கும் கூட்டுக்கும் இடையே பாரம் சுமக்கும் சஸ்பென்ஷனின் மதிப்பு அதைப்போல இருமடங்கு, கூட்டின் மதிப்பு ஐந்து மடங்கு.

தொடர்ச்சியே அடையாளம் என்றால் அதைப் பொய்யாக்குவதும் எளிது. துருவேறிய சட்டத்தைத் துடைத்துப் பட்டி அடைத்து, புதிய தார்ப்பூச்சு பூசி விற்பவர் இரண்டு தீங்கு செய்கிறார். வாங்குபவரின் உயிரைத் தாங்காத உலோகத்தின்மேல் ஏற்றுகிறார். காரின் வரலாற்றில் நடந்ததை நடக்காததாகவும் ஆக்குகிறார். துருத்தகட்டை நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுத்து, புதிய தகட்டை விளிம்பு முழுக்க வெல்டிங் செய்து, செய்ததைச் சொல்லி விற்பவர் பொருளை அதிகமாக மாற்றியிருந்தும் காரைக் காப்பாற்றியிருக்கிறார்.

பன்னாட்டுப் பழம்வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 2013இல் உறுதிசெய்த டுரின் சாசனம் இந்த நேர்மையை நெறியாக எழுதிவைத்திருக்கிறது. கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றி அது பேணலையும் மீட்டமைப்பையும் பிரிக்கிறது. மாற்றிய பகுதிகளைக் கண்டறியும்படி குறியிடவும் வேலை முழுவதையும் பதிவு செய்யவும் கேட்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் காருக்குப் பேணலே போதும்: காற்றின் ஈரப்பதம் தாழ்ந்தால் துரு பெரிதும் தணியும், நின்ற இடத்தில் தன் எடை தவிர வேறு பாரமும் இல்லை. சாலையில் ஓடும் காருக்கு அந்த வழி கிடையாது. அதன் ஸ்பிரிங் கிண்ணமும் சட்டமும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்களின் உயிரைச் சுமக்க வேண்டியவை. அங்கே பழைய தகடு எவ்வளவு அரியதானாலும் வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய இடத்தின் படமும் தேதியும் காரின் ஏட்டில் சேர வேண்டும்.