காத்திருப்பது கவலையீனமா?



சென்ற ஆண்டு நம் பங்கில் எழுபது வயது கடந்த ஒரு பெரியவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த இடத்தில், சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டி தென்பட்டது. வைத்தியர் கத்தி வைக்கவில்லை; ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார். வீட்டில் ஒரே கலக்கம். "கட்டியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது சர்வேசுரனைச் சோதிப்பதல்லவா, சாமி?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் கற்பனை நம் சொந்த உயிரையும் பேணச் சொல்லுகிறது, மெய்தான். ஆனால் எந்தச் சிகிச்சையையும் செய்தே தீரவேண்டும் என்று திருச்சபை போதித்ததில்லை. ஆள், இடம், காலம் இவற்றுக்கேற்ற சாதாரண வழிகளுக்கே நாம் கடமைப்பட்டவர்கள் என்று பரிசுத்த பிதா 12-ம் பத்திநாதர் 1957 நவம்பர் 24-ந் தேதி வைத்தியர்களுக்குத் தெளிவுபடுத்தினார்.

இந்தக் காரியத்திலோ, காத்திருப்பதே வைத்தியம். 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இத்தகைய கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. மற்றவற்றிலும் பெரும்பாலானவை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரே வளரும். சிறிதாயிருக்கும்போது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். வயோதிகருக்கோ, இருதய நோயுள்ளவருக்கோ கட்டியைவிட ஆபரேஷனே பெரிய ஆபத்தாகலாம். வாலிபருக்கும் நல்ல திடமுள்ளவருக்கும் கட்டியை மட்டும் அகற்றி, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும்படி வைத்தியர் பெரும்பாலும் சொல்வார். ஆகையால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் தமக்கென்று எடுத்துக்கொள்ளலாகாது.

ஆயினும் காத்திருப்பது வேறு, மறந்திருப்பது வேறு. சுவிசேஷத்தில் கனி கொடாத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்ட தோட்டக்காரன் அந்த வருஷம் முழுதும் தூங்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகவே சொன்னான். குறித்த தேதியில் படம் எடுப்பதும், இரத்த அழுத்தத்தைக் கவனிப்பதும், புகையிலையை விடுவதும், சிறுநீரில் இரத்தம் கண்டால் அன்றே ஓடுவதும் இந்தத் தவணைக்குரிய வேலை. கட்டி விரைந்து வளர்ந்தால் தவணை முடிந்தது. அப்போது வைத்தியர் வேறு வழி சொல்லுவார்.

நம் பெரியவர் ஆறாம் மாதம் போகவில்லை. மகன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. துணைக்கு வந்தால் ஒருநாள் கூலி போகுமே என்று தேதியையே அவனிடம் மறைத்துவிட்டார். பாசம்தான், யார் மறுப்பார்? ஆனால் தகப்பனைப் பேணும் கடமையும் மகனுக்கு நான்காம் கற்பனையில் உண்டல்லவா? அதை அவன் கேட்காமலே அவனிடமிருந்து எடுத்துவிட்டாரே! இதைச் சற்றுக் கடுமையாகவே அவரிடம் சொன்னேன். வந்த கோபத்தில் இரண்டு ஞாயிறு அவர் பூசை முடிந்ததும் என்னைப் பாராமல் போய்விட்டார்.

மூன்றாம் ஞாயிறு மகனோடு வந்தார். புதிய தேதி ஒரு புதன்கிழமை. மகன் இரவு ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறான்.