ஓடும் மனமும் மீட்கும் உபாயமும்

குருக்ஷேத்ர யுத்தகளத்திலே காண்டீவம் ஏந்தி நின்ற பார்த்தன் பகைவருக்கு அஞ்சாதவன். அத்தகைய வீரனே, தன் மனம் தனக்கு வசப்படவில்லை என்று ஸ்ரீமத் பகவத்கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் முறையிடுகின்றான். எம்பெருமான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அது அரிய காரியமே என்று ஒப்புக்கொண்டு, அப்யாஸம், வைராக்யம் என்னும் இரண்டு உபாயங்களை அருளிச்செய்தான்.

2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. குருவின் முன்னே அமர்ந்து கேட்ட பாடம் கணினித் திரைக்கு வந்தது. இன்றும் பல படிப்புகள் அவ்வாறே நடைபெறுகின்றன. திரையிலே பேராசிரியர், கையருகே கைப்பேசி. மாணவனின் மனமோ இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகின்றது. வகுப்பு முடிந்தபின் ஏட்டில் ஒரு வரியும் இல்லாதது கண்டு, தனக்குப் படிப்பே வராது என்று அவன் சோர்ந்துவிடுகின்றான். அந்தச் சோர்வே பெருங்கேடு. மனம் ஓடுவது அதன் இயல்பு. ஓடியதை அறிந்து மீட்பதே கல்வி.

இதற்குரிய பயிற்சியை மேல்நாட்டார் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பர். பௌத்த தியான நெறியிலிருந்து இதனை எடுத்து, 1979-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் நோயாளிகளுக்குக் கற்பித்தார். ஸாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள் பங்குகொண்டனர். இரண்டு வாரம் இதனைப் பயின்ற பிரிவினர்க்கு மனம் அலைவது குறைந்து, படித்ததை உணரும் திறன் மிகுந்தது.

முறை எளிது. வகுப்புக்கு முன் ஐந்து நிமிஷம் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். மனம் ஓடினால், கொல்லைப்புறம் ஓடிய கன்றைத் தட்டிக்கொடுத்து அழைத்து வருவதுபோல், கோபமின்றி மூச்சுக்கே கொணர வேண்டும். நாள்தோறும் செய்யும் இதுவே அப்யாஸம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வருதல் வைராக்யம். பாடத்தின் நடுவே மனம் நழுவினால், ஒரு மூச்சைக் கவனித்து, அப்போது கேட்கும் வாக்கியத்தை ஏட்டில் எழுதத் தொடங்கலாம்.

உத்ஸவத்துக்கு வந்த அன்பர்கள் இதனை அறியாதவரல்லர். ஸந்நிதியில் நிற்கும்போதே மனம் வாசலில் விட்ட பாதரக்ஷையை நாடுகின்றது. அதற்காக எவரும் ஸேவிக்காமல் திரும்புவதில்லை. மீண்டும் திருமுகமண்டலத்தையே நோக்குகின்றனர். இல்லத்திலுள்ள மாணவனுக்கும் பெற்றோர் இதையே சொல்லலாம். கடிந்து சொல்லாமல், கண்ணன் பார்த்தனுக்குச் சொன்ன அந்தப் பரிவோடு சொல்லலாம்.

சுபம்.