அடுத்த வீட்டுத் தரை

எங்கள் வீட்டு மணிக்கு வயது ஐந்து மாதம். அசல் நாட்டு நாய். தெருமுனையிலிருந்து என் மகள் தூக்கிக்கொண்டு வந்த குட்டி. வந்த புதிதில் ஹால், படுக்கையறை, என் செருப்பு என்று பாரபட்சமில்லாமல் நனைத்துக்கொண்டிருந்தான். ஆறு வாரம் பாடுபட்டோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. வேப்பமரத்தடியில் காரியம் முடிந்த அடுத்த நொடி ஒரு பிஸ்கட். பலன் கிடைத்தது. இப்போதெல்லாம் அவசரம் என்றால் மணியே கதவருகே போய் நின்று முனகுவான். பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

போன மாதம் மச்சினி வீட்டுக்கு மணியையும் அழைத்துப் போனோம். புது வீடு. பளபளவென்று டைல்ஸ். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹாலை ஒரு சுற்று மோப்பம் பிடித்தவன், சோபா அருகில் விரித்திருந்த கம்பளத்தின் நட்டநடுவில் போய் நின்றான்... மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன அத்தான், நல்லாப் பழக்கிட்டோம்னு போன்ல சொன்னீங்களே?" என்றாள் மச்சினி.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபம் மணி மேலா, அல்லது என் பெருமை நனைந்துபோனதாலா? இன்னும் சந்தேகம்தான்.

ஆனால், மணி பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். 'வீட்டுக்குள் போகக் கூடாது' என்றா அவன் கற்றுக்கொண்டான்? 'வீடு' என்ற பொதுச்சொல் அவனுக்கு ஏது! அவன் கற்றது இவ்வளவுதான்: இந்த ஹால், இந்த வாசனை, இந்தக் கதவு, அதைத் தாண்டினால் அந்த வேப்பமரம். மச்சினி வீட்டில் அந்த வாசனை இல்லை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. காலுக்கு அடியில் மெத்தென்று புல் மாதிரி ஏதோ ஒன்று. போதாததற்கு குழந்தைகள் சூழ்ந்துகொண்டு கத்தியதில் தலைகால் புரியாத குஷி. ஐந்து மாதக் குட்டிக்கு அடக்கிக்கொள்ளும் சக்தியும் முழுசாக வந்திருக்காது.

நாய் பழக்குகிறவர்களுக்கு இது பழைய சமாசாரம். சமையலறையில் 'உட்கார்' என்றால் உட்காரும் நாய், பார்க்கில் அதையே சொன்னால் திருதிருவென்று விழிக்கும். ஓரிடத்தில் கற்ற பாடத்தை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது நாய்க்குக் கஷ்டம். அதனால் ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

நாய்க்கு மட்டும்தானா கஷ்டம்?

அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளின் நேர்மையைச் சோதித்து, 1928-ல் முடிவை வெளியிட்டார்கள். பரீட்சையில் காப்பியடிக்க, விளையாட்டில் ஏமாற்ற, காசை எடுத்துக்கொள்ள, பொய் சொல்ல என்று விதவிதமாகச் சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தார்கள். 'இவன் நல்லவன், அவன் திருடன்' என்று குழந்தைகளை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. ஓரிடத்தில் ஏமாற்றிய பையன் இன்னோரிடத்தில் யோக்கியனாக இருந்தான். நேர்மை பெரும்பாலும் சந்தர்ப்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? நியூயார்க்கில் ஐ.நா. சபைக்கு வந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் காரைக் கண்ட இடத்தில் நிறுத்துவார்கள். அபராதச் சீட்டு வரும், கட்ட மாட்டார்கள். பதவியின் பாதுகாப்பு இருந்ததால் யாரும் கேட்க முடியாது. 1997 முதல் 2002 வரை கட்டாமல் விட்ட சீட்டுகள் ஒன்றரை லட்சம்! எல்லாரும் சொந்த நாட்டில் கௌரவமான மனிதர்கள். 2002-ல் நகர நிர்வாகம் 'கட்டாவிட்டால் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்குவோம்' என்று கறாராக ஆரம்பித்ததும் கொட்டம் சட்டென்று அடங்கியது. ஆனால், கேட்க ஆளில்லாத காலத்திலும் நார்வே, சுவீடன்காரர்கள் ஒரு சீட்டுகூட பாக்கி வைக்கவில்லை. இதை ஆராய்ந்தவர்கள் ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகல் என்ற இரு பொருளாதார நிபுணர்கள்.

ஆக, பாடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் அந்த ரகமா?

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சென்னையில் எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அக்கா எங்கள் டம்ளரில்தான் காபி குடிப்பார், எங்களோடு டைனிங் டேபிளில் உட்கார்ந்து. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஊரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தென்னை மரம் ஏறக் கொல்லைப்பக்கம் ஒரு பெரியவர் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். இறங்கியதும் தண்ணீர் கேட்டார்.

"டேய், கொல்லைச் சுவர்ல ஒரு பிளாஸ்டிக் டம்ளர் சொருகியிருக்கு பாரு. அதுல ஊத்திக் குடு" என்றார் பெரியம்மா.

எடுத்தேன். ஊற்றினேன். கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, அவரே கழுவி, அவரே சுவரில் சொருகிவிட்டுப் போனார். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-லேயே ஒழித்தாகிவிட்டது. எனக்குப் பதினேழாவது ஷரத்து என்று நம்பர்கூடத் தெரியும். கை தன்பாட்டுக்குப் பிளாஸ்டிக் டம்ளரைத் தேடிப் போனது.

அப்படியானால் சென்னையில் நான் போட்டது வேஷமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த மரியாதை நிஜம். ஆனால் அது என் வீட்டு ஹாலில் மட்டும் கற்ற பாடம். நான் 'குணம்' என்று நினைத்துக்கொண்டிருந்தது பாதி பழக்கம், பாதி இடவசதி. பெரியம்மா எதிரே நிற்கும்போது, சின்ன வயதில் அந்தக் கொல்லையில் கற்ற பழைய பாடம் முந்திக்கொண்டுவிட்டது.

இப்படி விளக்கம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மணிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். திட்டும்போது நாய் தலையைத் தொங்கப்போட்டு 'தப்பு செஞ்சிட்டேன்' என்பதுபோல் பார்க்குமே, அது குற்ற உணர்ச்சி அல்ல. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் பார்க்கிறது என்று 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். மணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த டம்ளரைத் தொட்டபோதே தெரிந்தது. ஏன் நடந்தது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டால், நடந்தது சரியாகிவிடாது.

சரி, மணியை என்ன செய்வது? மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பவர்கள் உண்டு. அடிப்பவர்கள் உண்டு. அதனால் நாய் கற்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகும். செய்ய வேண்டியது வேறு. புது வீட்டுக்குள் நுழையுமுன் வெளியே கொஞ்சம் நடத்தி, ஓர் இடத்தைக் காட்டி, காரியத்தை முடிக்க வைக்க வேண்டும். உள்ளே கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். இப்படி நாலு வீடு பழகினால், 'வீடு' என்றால் என்னவென்று மெல்லப் புரிய ஆரம்பிக்கும்.

மனிதனுக்கும் இது உதவும் என்றுதான் தோன்றுகிறது. தப்பு எங்கே நடக்கும் என்று தெரிந்த இடத்துக்குத் தயாராகப் போவது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டேன். பெரியவர் மரத்திலிருந்து இறங்கியதும், அவர் கேட்பதற்கு முன்பே அடுப்படியிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். பெரிய வீரச்செயல் ஒன்றுமில்லை. கை லேசாக நடுங்கியது.

அவர் உடனே வாங்கவில்லை. முதலில் பெரியம்மா முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் நாளைக்கே பஸ் ஏறிவிடுவேன். இந்த வீட்டுக்கு அடுத்த மாதமும் மரம் ஏற வர வேண்டியது அவர்தான். என் பாடத்துக்கான செலவு அவர் கணக்கில் போய்விடக் கூடாதே!

"நான்தான் குடுத்தேன் பெரியம்மா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பெரியம்மா பதில் பேசவில்லை. பெரியவர் வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். அந்த டம்ளரைப் பெரியம்மா இரண்டு தரம் கழுவினார். கழுவி, அடுப்படியில்தான் வைத்தார். அவருக்கும் பாடம் ஆரம்பித்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை வீட்டில்? மாமனார் வீட்டில், மேலதிகாரி அறையில், பழைய நண்பர்கள் கூடும் இடத்தில், உங்களை யாருக்கும் தெரியாத ஊரில்? ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் வெட்கப்படுங்கள், தப்பில்லை. வெட்கப்பட்டுவிட்டு மறுபடி அங்கே போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்கு நாங்கள் மறுபடி போகிறோம். மணியும் வருகிறான். அவள் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டாளாம்!