பக்கத்து மேசைக்காரருக்கு என்ன பதில்?

1991 அக்டோபர் 16. டெக்சாஸ் மாநிலம் கில்லீன் நகரில் லூபிஸ் என்கிற உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம். ஒருவன் தன் டிரக்கைக் கண்ணாடிச் சுவரில் மோதி உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிச் சுட ஆரம்பித்தான். பெற்றோருடன் உட்கார்ந்திருந்த சுசானா ஹப் தன் கைப்பையை எடுத்தார். துப்பாக்கி அதில் இல்லை; வெளியே நிற்கும் காரில் இருந்தது. கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது அப்போது டெக்சாஸில் குற்றம். மாட்டினால் தொழில் செய்யும் உரிமம் பறிபோகும் என்று பயந்து அவரேதான் அதைக் காரில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவனை மடக்கப் பாய்ந்த அப்பா குண்டடிபட்டு விழுந்தார். உடைந்த ஜன்னல் வழியாக மகள் தப்பினார். அம்மாவும் பின்னால் வருகிறார் என்று நினைத்தார். அம்மா கணவரை விட்டு வரவில்லை; அவர் பக்கத்திலேயே சுடப்பட்டு இறந்தார். அன்று கொல்லப்பட்டவர்கள் 23 பேர்.

துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளிலும் சினிமாவிலும் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நாம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கும் நாடு நம்முடையது. கடைக்குப் போகும்போது இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு போகும் அமெரிக்கரைப் பற்றிக் கேட்டால் 'பைத்தியக்காரத்தனம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அப்படி முடிப்பவர் ஹப்பின் கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்று யோசிக்க வேண்டும். சட்டத்தை மதித்ததற்கு அவர் கொடுத்த விலை பெற்றோரின் உயிர். பிறகு அவர் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். டெக்சாஸ் 1995-இல் சட்டத்தை மாற்றியது. மறு ஆண்டு அவரே மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தத் தரப்புக்கு இன்னொரு பலமும் உண்டு. 1999-இல் கொலராடோவில் ஒரு தாய், தடையாணையை மீறிக் கணவன் மூன்று பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று காவல் நிலையத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். போலீஸ் அசையவில்லை. மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அந்த ஆணையை நிறைவேற்றித் தரும்படி கோர அந்தத் தாய்க்கு அரசமைப்புச் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பாற்றக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை என்று அரசே கைவிரித்துவிட்டால், தன்னைத் தானே காத்துக்கொள்கிறேன் என்பவரிடம் அதைக் கூடாது என்று சொல்லும் தகுதி அரசுக்கு ஏது?

ஆக, தற்காப்பு நியாயமா என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த உணவகத்தில் ஹப்பின் பையில் துப்பாக்கி இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர், ஒன்றுமே நடக்காத மற்ற எல்லா மதியங்களிலும் அந்தத் துப்பாக்கி பக்கத்து மேசைக்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. உரிமம் என்ற ஏற்பாடே அவருக்காகத்தான் வந்தது: இவர் யார், எவர், குற்றப் பின்னணி உண்டா, கையாளத் தெரியுமா என்று அவர் சார்பில் அரசு கேட்டுவைப்பது.

அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதில் ஒரு பழைய அநியாயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956 ஜனவரி 30 அன்று அலபாமாவின் மான்ட்காமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். அதற்குப் பிறகு கிங் துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அன்றைய அமெரிக்காவில் அவரைவிட நியாயமான காரணம் உள்ள விண்ணப்பதாரர் இருந்திருக்க முடியாது. மறுத்துவிட்டார்கள். 'தகுந்த நபருக்கு' என்று சட்டம் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட இடத்தில், தகுந்த நபர் என்பதற்கு அந்த ஊரில் வெள்ளையர் என்று பொருள். நியூயார்க்கில் 1911 முதல் இருந்த சட்டமும், 'உனக்கென்று தனிப்பட்ட காரணம் என்ன?' என்று அதிகாரி கேட்டு, திருப்திப்பட்டால் தரும் வகைதான். அங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறை போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் என்று ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்களே நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். 2022 ஜூன் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தாராளவாதிகள் பலர் அந்தத் தீர்ப்பைச் சபித்தார்கள். அதிகாரியின் தயவை ஒழித்தது வரைக்கும் அதில் பிழை காண்பது கடினம்.

ஆனால், தயவை ஒழிப்பது வேறு, கேள்வியையே ஒழிப்பது வேறு. அமெரிக்கா போய்க்கொண்டிருப்பது இரண்டாவது வழியில். டென்னசி மாநிலத்தைப் பாருங்கள். அங்கே 2020 முதல் இரண்டு வகை பெர்மிட். ஒன்றுக்கு எட்டு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத்தில் சுட்டுக் காட்ட வேண்டும், கைரேகை தர வேண்டும். இன்னொன்றுக்கு ஒன்றரை மணி நேர இணைய வகுப்பு போதும். 2021 ஜூலையில் இரண்டுமே தேவையில்லை என்றாகிவிட்டது. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத, 21 வயது நிரம்பிய யாரும் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கலாம் என்றது அந்தச் சட்டம். 2024-க்குள் இப்படி பெர்மிட்டைத் தேவையற்றதாக்கிய மாநிலங்கள் 29. கில்லீன் இருக்கும் டெக்சாஸும் அதில் ஒன்று.

எட்டு மணி நேர வகுப்பில் கழிவது குறிபார்ப்பதில் மட்டுமல்ல. கணிசமான நேரம், எப்போதெல்லாம் சுடக் கூடாது என்று கேட்பதில் போகிறது. ஓடுகிறவனைச் சுடாதே. காரைத் திருடிக்கொண்டு போகிறான் என்பதற்காகச் சுடாதே. நீ தொடங்கிய சண்டையில் சுடாதே. நீ சுடும் ஒவ்வொரு தோட்டாவின் பின்னாலும் ஒரு வக்கீல் வருவார் என்று பயிற்றுநர்கள் வாடிக்கையாகச் சொல்வதுண்டு. தோட்டா யார்மேல் பட்டதோ அவரைப் பற்றி அந்த வாசகத்தில் ஒன்றும் இல்லை என்றாலும், கையைப் பின்னுக்கு இழுக்க அது உதவும்.

வகுப்பு முடிந்த பிறகு வருவதுதான் உண்மையான பாடம். தோட்டா நிரப்பிய நடுத்தரக் கைத்துப்பாக்கி முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தாங்க அகலமான, விறைப்பான பெல்ட் வேண்டும். சட்டையை இன் பண்ண முடியாது. உருவம் வெளியே தெரியாமலிருக்க ஒரு அளவு பெரிய சட்டை வாங்க வேண்டும். மேல் அலமாரியில் இருப்பதை எட்டி எடுக்கும்போது சட்டை மேலேறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொதுக் கழிப்பறையில் பெல்ட்டைத் தளர்த்தும்போது துப்பாக்கியை எங்கே வைப்பது? டிஷ்யூ பேப்பர் டப்பாவின் மேல் வைத்துவிட்டு மறந்து எழுந்து வந்தவர்கள் உண்டு, போலீஸ்காரர்கள் உட்பட. அஞ்சல் அலுவலகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, நீதிமன்றத்துக்குள் கூடாது. எனவே கழற்றிக் காரில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் களவுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு காரிலிருந்துதான் போகின்றன. அவை அடுத்து யார் கைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

துப்பாக்கி என்பது தீயணைப்புக் கருவி மாதிரி, தேவைப்படாது, தேவைப்பட்டால் இருக்கும் என்று எடுத்துச் செல்வோர் சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2014 டிசம்பர் கடைசியில், ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் ஒரு பெரிய கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டான். அதில் துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை இருந்தது. அம்மாவிடம் பெர்மிட்டும் இருந்தது, பழக்கமும் இருந்தது. குழந்தையின் விரல் விசையில் பட்டு அவர் அங்கேயே இறந்தார். தீயணைப்புக் கருவியைக் குழந்தை நோண்டினால் தரை வெள்ளையாகும், அவ்வளவுதான். அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது சுலபம். நாள்தோறும், வருடக்கணக்கில், ஒரு நொடிகூடக் கவனம் பிசகாத மனிதர் யார்?

(அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வேறு வடிவில் வருகிறது. வேலை விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, கிரீன் கார்டு வந்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை விளையாடப் போகும் பக்கத்து வீட்டுக்கு விசா கணக்கு கிடையாது. 'எங்கள் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது' என்று தயங்காமல் சொல்லும் பெற்றோர், 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படக் கூடாத கேள்வி அது.)

மறதியைவிடப் பெரிய அபாயம் கோபம். 2014 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஒரு திரையரங்கு. படத்துக்கு முன் ட்ரெய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் வரிசைக்காரர் போனில் செய்தி அனுப்புகிறார். பின்னாலிருந்தவர் கண்டிக்கிறார். வாக்குவாதம். பாப்கார்ன் முகத்தில் வந்து விழுகிறது. பின்னாலிருந்தவர் சுட்டார், முன்னாலிருந்தவர் இறந்தார். சுட்டவர் விடலைப் பையன் இல்லை. 71 வயது, ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன். தாக்கப்படுவோம் என்று அஞ்சியதாகச் சொன்னார், 2022-இல் விடுதலையும் ஆனார். சட்டம் அவரை விட்டுவிட்டது. எட்டு மணி நேரம் என்ன, ஒரு வாழ்நாள் பயிற்சியே அந்த அரங்கில் உதவவில்லை என்பதைப் பயிற்சிக்காக வாதாடுகிறவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2012-இல் அதே ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றவரும் பெர்மிட் வைத்திருந்தவர்தான். காரை விட்டு இறங்கி அந்தப் பையனின் பின்னால் போனார்; பின்தொடர வேண்டியதில்லை என்று போலீஸ் தொலைபேசியில் சொன்னது. இடுப்பில் ஒன்றும் இல்லாதிருந்தால் மழை இருட்டில் காரை விட்டு இறங்கியிருப்பாரா? துப்பாக்கி ஆபத்து வந்தபின் வெளியே எடுக்கப்படும் பொருள் மட்டும் அல்ல. எந்தத் தெருவில் திரும்பலாம், யாரிடம் வாயைக் கொடுக்கலாம் என்பதையும் அது முன்கூட்டியே முடிவுசெய்கிறது.

எனவே துப்பாக்கி எடுத்துச் செல்கிறவர் நியாயமாக வேறு சிலவற்றை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. குடிக்கும் உரிமை, காரில் குறுக்கே வந்தவனைத் திட்டும் உரிமை, வீறாப்பு, கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை. மற்றவரைவிட அவர் அதிகம் விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவர். இதைச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. துப்பாக்கி செருகத் தொடங்கிய பிறகு சாலையில் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டதாகச் சொல்கிறவர்கள் உண்டு, அதை நம்பலாம்.

இந்த வாதம் முழுவதையும் உலுக்கும் ஒரு சம்பவம் 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட்டில் நடந்தது. வணிக வளாகத்தின் உணவுக் கூடத்தில் ஒருவன் சுட ஆரம்பித்து மூவரைக் கொன்றான். 15 நொடிக்குள் 22 வயது இளைஞர் ஒருவர் தூரத்திலிருந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். அவரிடம் பெர்மிட் இல்லை. அந்த மாதம்தான் இண்டியானா அதைத் தேவையில்லை என்றாக்கியிருந்தது. ராணுவ, போலீஸ் பயிற்சி எதுவும் இல்லை, தாத்தா சொல்லிக்கொடுத்ததுதான். அந்த வளாகம் துப்பாக்கி கூடாது என்று விதி வைத்திருந்த இடம். விதி, வகுப்பு எல்லாவற்றையும் மீறிப் பல உயிர்கள் பிழைத்தன. அதற்கு ஓராண்டு முன் கொலராடோவின் அர்வாடாவில் இன்னொருவரும் இதையேதான் செய்தார். போலீஸ்காரரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்தினார். அடுத்து ஓடிவந்த போலீஸ்காரர், துப்பாக்கியோடு நிற்கும் இவரே கொலையாளி என்று நினைத்துச் சுட்டார். காப்பாற்றியவர் செத்தார். பார்ப்பவருக்கு நல்லவன் கைத் துப்பாக்கியும் கெட்டவன் கைத் துப்பாக்கியும் ஒன்றுதான். கறுப்பினத்தவராக இருந்தால் இது இன்னும் மோசம். 2016-இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் காரில் மறிக்கப்பட்டபோது, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். அவர் பெர்மிட் பெற்றவர். சில நொடிகளில் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார். அந்தப் போலீஸ்காரரும் விடுதலை.

கிரீன்வுட் இளைஞர் ஒருபுறம் இருக்க, மறுபுறம் அமெரிக்கப் புள்ளிவிவரம் இருக்கிறது. 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 48,800 பேர். அதில் பாதிக்கு மேல், 26,000 பேருக்கும் அதிகமாக, தற்கொலை. எதிரிக்காக வாங்கியது பெரும்பாலும் திரும்புவது வாங்கிய வீட்டின் மேல்தான்.

கிங் வீட்டுக் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. உரிமம் மறுக்கப்பட்ட பிறகு அவரும் மனைவி கொரெட்டாவும் பேசி, வீட்டிலிருந்த ஆயுதத்தையும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். துப்பாக்கி வீட்டிலிருந்தபோதுதான் அதிகம் பயந்ததாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். 1968-இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் தெரிந்ததே. இதை எல்லோருக்கும் விதியாக்க முடியாது. முன்னாள் கணவன் வாசலில் வந்து நிற்கும் பெண்ணிடம் போய் கிங்கைப் போல் இரு என்று சொல்வது அறம் ஆகாது.

இப்போது எந்த அதிகாரியும் 'உனக்கு எதற்கு?' என்று கேட்கக் கூடாது. அதிகாரி கேட்கக் கூடாது என்பதால் கேள்வி செத்துவிடவில்லை. செருகுகிறவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. 'தடையாணை வாங்கியும் மிரட்டுகிறான்' என்பது பக்கத்து மேசைக்காரர் ஏற்கக்கூடிய பதில். இரவு கடையடைத்துப் பணத்தோடு வீடு திரும்புகிறவரின் பதிலையும் பெரும்பாலோர் ஏற்பார்கள். 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்பதை அவர் ஏற்க வேண்டியதில்லை. 1991-இல் இருந்த வன்முறைக் குற்ற விகிதம் இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது.