வரி எங்கே முடிகிறது?

அம்பத்தூரில் டிடிபி கடை நடத்தும் எனக்கு வரிமுடிவு அன்றாடப் பிரச்சினை. பழைய டெலிபிரிண்டரில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். அச்சுமுனை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். தாள் ஒரு வரி நகர வேண்டும். தாள் நகராவிட்டால் எழுத்தின் மேலேயே எழுத்து விழும். தாள் மட்டும் நகர்ந்தால் வரிகள் படிக்கட்டாக இறங்கும். 1963-இல் வந்த ஆஸ்கி எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் திரும்புவதற்கு 13, நகர்வதற்கு 10. இயந்திரம் போன பிறகும் எண்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் இரண்டையும் எழுதும். லினக்ஸ் 10 மட்டும். பழைய மேக் 13 மட்டும். 2018 வரை நோட்பேடு, 10 மட்டும் இருந்தால் அதை வரிமுடிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

திருமழிசை ஆழ்வாரின் நான்முகன் திருவந்தாதியைச் கோயில் சேவாகாலத்தில் சொல்வதற்காகப் பெரிய எழுத்தில் எடுத்துத் தரச் சொல்லி ஒருவர் கொண்டுவந்த கோப்பு அப்படித்தான் திறந்தது. 96 வெண்பாவும் ஒரே ஓட்டம். ஆனால் ஒரு பாட்டுகூடத் தொலையவில்லை. வாய்விட்டுச் சொல்லச் சொல்ல அடிகள் தாமாகவே நின்றன: மூன்று அடிக்கு நந்நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றன் ஓசையில். ஏடெழுதியவர்களும் ஓலையின் ஓரம்வரை ஓட்டமாகத்தான் எழுதிப் போனார்கள். பாட்டின் முடிவைப் பாட்டே வைத்திருந்தது.

என் அப்பா இந்த அந்தாதியைப் புத்தகம் பார்க்காமல் சேவிப்பார். கடைசி மாதங்களில் ஓர் அடிகூட நினைவில்லை. என் பெயரும் இல்லை. அந்திம காலத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்கிறது கீதையின் 8-ஆவது அத்தியாயம். அப்படியானால் இவர் கதி என்ன என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வராக சரம சுலோகம் வேறு வழி காட்டுகிறது. மனம் நல்ல நிலையில் இருந்தபோது பெருமாளை நினைத்தவன் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும் நேரத்தில், அவனை நினைப்பது பெருமாளின் பொறுப்பாகிவிடுகிறது. இது வெறும் ஆறுதல் வார்த்தை என்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். முடிவு கடைசி நிமிஷத்தில் வெளியிலிருந்து போடும் குறி என்றால், நினைவு தப்பிப் போனவர்களின் வாழ்வெல்லாம் முடிவற்றுத் தொங்க வேண்டும். வெண்பா அப்படித் தொங்கவில்லையே. வெண்பாவாகத் தொடங்கும்போதே அதன் ஈறு எப்படி நிற்க வேண்டும் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

அப்போ கடைசி நினைவுக்கு மதிப்பே இல்லையா என்றாள் அம்மா. உண்டு. கோப்பிலும் வரிமுடிவுகளைச் சரிசெய்துதான் அச்சிட்டேன். சேவிப்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் அப்பா எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை, அவர் வாய் ஓய்ந்த அந்த மாதங்களை வைத்து யாரும் கணிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.